பதினேழாம் நம்பர் சாம்சன்

எங்க இன்ஸ்டிட்யூட்ல மொத்தம் நாலு கக்கூசு. அதுல ஒண்ணுல தண்ணி வராது. ஆனா நாலுக்கும் சர்டிபிகேட் இருக்கு. கட்டடம் இடியாதுன்னு ஒரு சர்டிபிகேட், தீப்பிடிச்சா அணைக்கிறதுக்கு ஏற்பாடு இருக்குன்னு ஒண்ணு, குடிக்கிற தண்ணி குடிக்கிற தண்ணிதான்னு ஒண்ணு. எல்லாத்தையும் ஓட்டை போட்டு, டேக் கட்டி, பைல்ல வெச்சிக்கினு இருக்கிறது நான்தான். பேரு குணசுந்தரி. கும்மிடிப்பூண்டிலேந்து தேர்வாய் கண்டிகை போற ரோட்டுல தேசப்பன் தொழிற்பயிற்சி நிலையம்னு ஒரு நீலக் கலர் போர்டு இருக்கும். அங்க ஆபீசு மொத்தமும் நான் ஒருத்திதான்.

மொதலாளி தேசப்பனுக்கு அந்த இடத்துல ரெண்டு ஏக்கர் நெல்லு வயலு இருந்துச்சு. சுத்தி கம்பெனி வந்துச்சு, கம்பெனிக்காரங்க வெல்டர் வேணும் வெல்டர் வேணும்னாங்க, இவரு வயலுக்கு மேல ஷெட்டைப் போட்டு பள்ளிக்கூடம் தொறந்துட்டாரு. தொறந்துட்டா ஆச்சா? கவர்மெண்டு அங்கீகாரம் வேணும். அது இல்லன்னா இங்க ஒரு வருஷம் படிச்ச புள்ளைங்க பரீட்சை எழுத முடியாது, சர்டிபிகேட் வராது. சர்டிபிகேட் இல்லாம எந்தக் கம்பெனிலயும் கேட்டுக்குள்ளயே உட மாட்டான். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா அதிகாரி வந்து பார்த்துட்டுப் போனாத்தான் அந்த அங்கீகாரம் நிக்கும்.

அதுக்குக் கேக்குற லிஸ்டு இருக்கே, ஆறு பக்கம். கதவு எத்தினி அடி, ஜன்னல் எத்தினி, ஒரு மிஷினுக்கும் இன்னொரு மிஷினுக்கும் நடுவுல எவ்ளோ எடம், எல்லாம் கேப்பாங்க. சொல்லிக் குடுக்கிறவருக்கு வேல தெரியுமான்னு ஒரு வரி கெடையாது. அவருகிட்ட சர்டிபிகேட் இருக்கான்னுதான் கேக்கும். அங்கதான் எங்க சாம்சன் மாஸ்டர் மாட்டினாரு.

மாஸ்டருக்கு அம்பத்திரெண்டு வயசு. அவரு அப்பா அம்மா ரெண்டு பேரும் அடுத்தவங்க வயல்ல நாத்து நட்டவங்க. எட்டாவதோட படிப்பை நிறுத்திட்டு, ஒரு காண்ட்ராக்டர் ஷெட்டுல ஹெல்பரா சேர்ந்தாரு. டேங்க்கு, பாய்லர் பைப்பு எல்லாம் ஒட்டுற ஷெட்டு. அந்த வேலைல ஒரு பழக்கம் உண்டு. ஒரு ஜாயிண்ட்டு ஒட்டி முடிச்சதும், பக்கத்துலயே பஞ்சுன்னு சொல்ற நம்பர் அச்சை வெச்சு, சுத்தியால வெல்டரோட நம்பரை இரும்புல அடிச்சிடணும். நாளைக்கு அந்த ஜாயிண்ட்டு ஒழுகினா யாரைத் திட்டுறதுன்னு தெரியணும் இல்ல? ஆனா அந்த நம்பரு சர்டிபிகேட் இருக்கிற வெல்டருக்குத்தான் குடுப்பாங்க.

அந்த ஷெட்டுல பதினேழாம் நம்பரு எட்வர்ட்னு ஒருத்தருது. அவரு பதினோரு மாசம் வேல செஞ்சிட்டு மஸ்கட்டுக்குப் பிளேன் ஏறிட்டாரு. ஆளு போச்சு, நம்பரு அங்கியே நின்னுடுச்சு. காண்ட்ராக்டர் சாம்சனைக் கூப்ட்டு, "இன்னிலேந்து நீதான்டா பதினேழு"ன்னு ஒண்ணாம் நம்பர் பஞ்சையும் ஏழாம் நம்பர் பஞ்சையும் கைல குடுத்துட்டாரு. இருபத்தோரு வருஷம். இந்தப் பக்கத்துல எத்தினி டேங்க்குல, எத்தினி பைப்புல பதினேழு இருக்குன்னு கணக்கே இல்ல. அவ்ளோவும் மாஸ்டர் ஒட்டினது. பேப்பர்ல அவ்ளோவும் எட்வர்ட் ஒட்டினது. எனக்குக் கேக்கும்போதே வயிறு எரிஞ்சுது. மாஸ்டரு சொல்லிட்டு டீயைக் குடிச்சாரு.

காண்ட்ராக்டர் செத்துப்போயி ஷெட்டை மூடினப்புறம் மாஸ்டர் எங்ககிட்ட வந்தாரு. ரெண்டு பஞ்சையும் சட்டைப் பாக்கெட்லயே வெச்சிக்கினு வந்தாரு. வேல தெரிஞ்ச ஆளு, வாயில கெட்ட வார்த்தை இல்ல, தேசப்பன் உடுவாரா? எடுத்துக்கினாரு. சர்டிபிகேட்டுக்கு வேற வழி பண்ணாரு. பஸ் ஸ்டாண்டாண்ட செல்போன் கடை வெச்சிருக்கிற வசந்தகுமார் எந்தக் காலத்துலயோ வெல்டர் படிச்சிருந்தான். அவன் சர்டிபிகேட்டை மாச வாடகைக்குப் பேசி எங்க பைல்ல வெச்சாச்சு. இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு வசந்தகுமார் மாஸ்டர். நெஜ மாஸ்டருக்கு காக்கிச் சட்டை, ஒரு விசிலு, கேட்டாண்ட ஸ்டூலு.

நானும் அந்தக் கூத்துக்கு உடந்தைதான். ரெண்டு ரெஜிஸ்டர் எழுதினேன். ஒண்ணுல வசந்தகுமார் பயிற்றுநர், இன்னொண்ணுல சாம்சன் காவலாளி. மொத தபா வந்த அதிகாரி கக்கூசை எண்ணிட்டு, எளநீ குடிச்சிட்டுப் போயிட்டாரு.

ரெண்டாவது தபா வந்தவரு பரசுராமன். எளநீ வேணாம்னுட்டாரு. கதவை அளந்தாரு, ஜன்னலை எண்ணினாரு, தண்ணி வராத கக்கூசுல கரெக்டாப் போயி கொழாயைத் தொறந்தாரு. அப்புறம் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து, "மாஸ்டர், ஒரு ஜாயிண்ட் போட்டுக் காட்டுங்களேன்"னாரு.

வசந்தகுமார் ஹோல்டரைப் புடிச்சான். வெல்டிங் ராடு போயி பிளேட்டுல ஒட்டிக்கிச்சு. புடுங்கினான். மறுபடி ஒட்டிக்கிச்சு. மூணாவது தபா ராடோட சேர்ந்து பிளேட்டே மேல வந்துச்சு. புள்ளைங்க எல்லாம் சொவரைப் பார்த்து நின்னுச்சுங்க.

அப்ப கேட்டாண்டேந்து ஒரு கொரலு. "யோவ், ஆம்பியர ஏத்துய்யா! எவ்ளோ நேரம் ராடைக் கொலை பண்ணுவே?"

பரசுராமன் திரும்பிப் பார்த்தாரு. "யாரும்மா அது?"

"வாட்ச்மேன் சார்"ன்னேன். வேற இன்னா சொல்றது?

"வாட்ச்மேனைக் கூப்பிடுங்க."

மாஸ்டர் விசிலைக் கழட்டி என் கைல குடுத்துட்டு வந்தாரு. மிஷின்ல கைய வெச்சாரு, குனிஞ்சாரு, மூணு நிமிஷம். மேல இருந்த கசடைத் தட்டி உட்டா உள்ள தையல் மிஷின்ல தச்ச மாதிரி ஒரே சீரா இருக்குது. பரசுராமன் ரொம்ப நேரம் பார்த்தாரு. அப்புறம் என் டேபிள்ல வந்து உக்காந்து ரிப்போர்ட் எழுதினாரு. வாட்ச்மேன் வேலை திருப்தியா இருக்குது, பயிற்றுநர் வேலை திருப்தியா இல்லைன்னு எழுதினாரு.

தேசப்பன் "நைனா, சாமி"ன்னு கெஞ்சிப் பார்த்தாரு. பரசுராமன் அசையல. "இந்த பேட்சு முடியிறவரைக்கும் டைம் தரேன். அதுக்குள்ள வேலையும் தெரிஞ்ச, சர்டிபிகேட்டும் இருக்கிற மாஸ்டரைக் காட்டுங்க. இல்லன்னா அங்கீகாரம் ரத்து"ன்னாரு. போறப்ப கேட்டாண்ட நின்னு மாஸ்டர்கிட்ட சொன்னாரு. "வேலை அனுபவம் இருக்கிறவங்க தனித்தேர்வரா பரீட்சை எழுதலாம். எழுதுங்க."

அப்பத்தான் நெஜப் பேஜாரு ஆரம்பிச்சுது. தனித்தேர்வருன்னா அனுபவச் சான்று கேக்குது. இருபத்தோரு வருஷமும் எட்வர்ட் பேருல இருக்குது. மாஸ்டர் பேருல ஒரு பழைய ஈஎஸ்ஐ கார்டு மட்டும் இருந்துச்சு, அதுலயும் ஹெல்பர்னு போட்டிருந்துச்சு. காண்ட்ராக்டரோட புள்ளைய நானே தேடிக்கினு போனேன். அவன் இப்ப கல்யாண மண்டபம் நடத்துறான். அப்பா ஷெட்டோட லெட்டர்பேடு ஒண்ணு கூட இல்லையாம். மண்டபத்து லெட்டர்பேடுலயே எழுதிக் குடுத்தான். மேல ரெண்டு வாழை மரம், ஒரு நாதஸ்வரம், கீழ "சாம்சன் என்பவர் எங்களிடம் இருபத்தோரு ஆண்டுகள் வெல்டராகப் பணிபுரிந்தார்". பரசுராமன் ஆபீசுல அந்த லெட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. "ஏசி மண்டபமா?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு கையெழுத்துப் போட்டாரு.

தியரிக்கு மாஸ்டர் அவரு கிளாசுலயே கடைசி பெஞ்சுல உக்காந்து படிச்சாரு. பாடம் எடுக்கிறதும் அவரு, சந்தேகம் கேக்குறதும் அவரு. புக்கை அவருக்குப் படிச்சுக் காட்டினது பூமிகா. அந்த பேட்சுல இருந்த ஒரே பொண்ணு, கடம்பத்தூர்லேந்து ரெண்டு வண்டி மாறி வரும். "மாஸ்டர், நீங்க சொன்னதைத்தான் இதுலயும் போட்டிருக்கான், என்னா, கொஞ்சம் தப்பா போட்டிருக்கான்"னு சொல்லும்.

பிராக்டிகல் பரீட்சை அன்னிக்கு மேற்பார்வைக்கு பரசுராமனே வந்துட்டாரு. இருபத்திநாலு புள்ளைங்க, இருபத்தஞ்சாவது மாஸ்டர். ஆளுக்கு ரெண்டு இரும்பு பிளேட்டு, ஒட்டி முடிச்சு, அவங்கவங்க பரீட்சை நம்பரை அதுல அடிச்சு மேஜைல வெக்கணும். எனக்குக் காலைலேந்து ஒரு வாய் நாஷ்டா எறங்கல. மாஸ்டர் பெயிலானா அங்கீகாரம் போச்சு, பள்ளிக்கூடம் மூடிக்கும், அம்பத்திரெண்டு வயசுல அவரை எவன் உள்ள உடுவான்? காக்கிச் சட்டை ஒண்ணுதான் மிச்சம்.

மாஸ்டர் மொத ஆளா முடிச்சிட்டு, மேஜைல வெச்சிட்டு, கைய கழுவிக்கினு வந்துட்டாரு. எனக்கு உசுரு வந்துச்சு.

பரசுராமன் பிளேட்டை எல்லாம் வரிசையா அடுக்கினாரு. எண்ணினாரு. மறுபடி எண்ணினாரு. "இருபத்தஞ்சாம் நம்பர் எங்க?"

இல்ல. அதுக்குப் பதிலா பதினேழு ரெண்டு இருந்துச்சு.

எனக்குப் புரிஞ்சுபோச்சு. ஐயோன்னு தலைல கைய வெச்சிக்கினு உக்காந்துட்டேன். நம்பர் பஞ்சு பெட்டியாண்ட புள்ளைங்க கியூ கட்டி நின்னுச்சுங்க. மாஸ்டர் எதுக்கு நிக்கணும், பாக்கெட்ல இருந்ததை எடுத்தாரு, கை போன வாக்குல அடிச்சிட்டாரு. ஒண்ணு, ஏழு.

அந்தப் பரீட்சைல பதினேழாம் நம்பரு பூமிகா.

பரசுராமன் ரெண்டு பிளேட்டையும் தூக்கிக் காட்டினாரு. ஒண்ணு தச்ச மாதிரி இருந்துச்சு. இன்னொண்ணு பரவால்ல, பாஸ் பண்ணிடும், ஆனா பார்த்தா சந்தோசமா இருக்காது. "பதினேழு யாரு? இதுல எது உன்னுது?"

பூமிகா கொஞ்சம் கூட யோசிக்கல. "சுமாரா இருக்கிறது சார்."

"நல்லதைக் காட்டி என்னுதுன்னு சொல்லியிருக்கலாமே?"

"சொல்லலாம் சார். நாளைக்குக் கம்பெனில அதே மாதிரி இன்னொண்ணு ஒட்டுன்னு சொன்னா நான் எங்க போறது?"

பரசுராமன் சிரிக்கல. மாஸ்டரைக் கூப்ட்டாரு. "இன்னாங்க இது?"

மாஸ்டர் அந்த பிளேட்டைப் பார்த்தாரு, அவரு கையைப் பார்த்தாரு. "கைப் பழக்கம் சார்."

"யார் நம்பரு இது?"

"எட்வர்ட்னு ஒருத்தருது சார். மஸ்கட் போயிட்டாரு."

"எத்தினி வருஷமா இதை அடிக்கிறீங்க?"

"இருபத்தோரு வருஷம் சார்."

பரசுராமன் ரூல் புக்கைத் தொறந்து பக்கம் பக்கமா தேடினாரு. தப்பு நம்பர் அடிச்ச பிளேட்டு செல்லாது. ஆனா பரீட்சை நேரம் இருக்கிறவரைக்கும் புது பிளேட்டு கேட்டா குடுக்கலாம். மணியைப் பார்த்தாரு. முப்பத்தெட்டு நிமிஷம் இருந்துச்சு. "எடுத்துக்கோங்க"ன்னாரு.

மாஸ்டர் ஒட்டுறதுக்குக் கால் மணி நேரம் கூட ஆவல. அதுல அவருக்குப் பயமே இல்ல. நம்பர் அடிக்கத்தான் நின்னுட்டாரு. பள்ளிக்கூடப் பெட்டிலேந்து ரெண்டையும் அஞ்சையும் எடுத்து வெச்சிக்கினு, சுத்தியைத் தூக்குறாரு, எறக்குறாரு, மறுபடி நம்பரைப் பார்க்குறாரு.

"அடிங்க மாஸ்டர்! உங்க நம்பருதான் அது, அடிங்க!"ன்னு கத்திட்டேன். பரீட்சை நடக்குற எடத்துல கத்தக் கூடாதுன்னு போர்டு எழுதி மாட்டினதே நான்தான். கண்ணுல தண்ணி வந்துடுச்சு. புகைன்னு சொல்ல மாட்டேன், அழுதேன்.

அடிச்சாரு. இருபத்தஞ்சு கொஞ்சம் கோணலாத்தான் விழுந்துச்சு.

ரிசல்ட்டு வந்துச்சு. எல்லாரும் பாஸ். பூமிகாவுக்கு வேலையும் கெடச்சுது. மாஸ்டர் சர்டிபிகேட் வந்த அன்னிக்கு தேசப்பன் லட்டு வாங்கினாரு, வசந்தகுமாரோட வாடகை மிச்சமாச்சே. நான் காவலாளி ரெஜிஸ்டரைக் கிழிச்சேன். மாஸ்டர் ஒண்ணையும் ஏழையும் பழைய இரும்புக்காரன் தராசுல போட்டுட்டாரு. அங்கீகாரம் ரெண்டு வருஷத்துக்கு வந்துச்சு.

போன வாரம் ஆபீசுக்கு ஒரு போன். திருவள்ளூர் பக்கம் புதுசா தொறந்த ஒரு இன்ஸ்டிட்யூட்டு. அடுத்த மாசம் இன்ஸ்பெக்‌ஷனாம். "சாம்சன்னு ஒருத்தர் பாஸ் பண்ணியிருக்காராமே, அவரு சர்டிபிகேட் வேணும். ஆள் வரத் தேவையில்லம்மா. பேப்பர் மட்டும் போதும். மாசாமாசம் டப்பு கரெக்டா வந்துடும்."

மாஸ்டர் எதிர்லதான் டீ குடிச்சிக்கினு இருந்தாரு. போனை ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன்.

கிளாசைக் கீழ வெச்சாரு. "அங்க புள்ளைங்க எத்தினி பேருன்னு கேளும்மா."

கேட்டேன். இருபத்திநாலு பேருன்னான்.

"சொல்லிக் குடுக்க யாரு இருக்கா?"

வேல தெரிஞ்ச ஒருத்தரு இருக்காரு, இன்னா, அவருகிட்ட பேப்பர் இல்லன்னான்.

மாஸ்டர் மொகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் குனிஞ்சு, போனாண்ட வாயை வெச்சு அவரே பேசினாரு.

"தம்பி, நான் சாம்சன்தான் பேசுறேன். எனக்கு டப்பு வேணாம். அந்தாளு எத்தினி வருஷமா வேல செய்யுறாரு? எங்க செஞ்சாரு? யாராண்ட லெட்டர் வாங்கணும்? எல்லாத்தையும் எழுதிக்கினு நாளைக்கு அவரை இங்க அனுப்பு. எந்த அப்ளிகேஷன் பாரம் எங்க தரணும்னு இந்தம்மாவுக்குத் தெரியும்."

அவன் போனைக் கட் பண்ணிட்டான். நான் டிராயரைத் தொறந்து தனித்தேர்வர் பாரம் ஒண்ணு எடுத்து டேபிள் மேல வெச்சேன். இன்னும் அங்கதான் இருக்குது. அந்தாளு பேரு தெரியல, அதனால மொத வரி காலியா இருக்குது.