பார்ஜோ பிடித்த மார்க்

துமினா கடைக்குப் போனது ஒரு பெட்டி சிகரெட் வாங்க. கிராம்பு சிகரெட், குடை மார்க். அவள் புருஷன் பார்ஜோ செத்து அன்றைக்கு நூறாம் நாள். பொழுது சாய்ந்ததும் ஆட்கள் வந்து உட்கார்ந்து ஓதுவார்கள். அதற்கு முன்னால் உள்ளறையில் தட்டு வைத்தாக வேண்டும். சர்க்கரை போடாத காப்பி, தெம்பே என்கிற சோயாக் கட்டி வறுவல், செத்தவர் பிடித்த மார்க் சிகரெட். மார்க் மாறக் கூடாது. மாறினால் தட்டைத் தேடி வருகிற ஆவி தொடாமல் திரும்பிவிடும் என்று அவர்கள் ஊரான ப்ளோரா பக்கத்தில் சொல்வார்கள்.

பார்ஜோ ஆட்டுத் தரகர். முப்பது வருஷம் சந்தை சந்தையாகத் திரிந்தவர். அந்தத் தொழிலில் துணிக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. காப்பிக் கடைப் பலகையில் சிகரெட் பெட்டியை எடுத்து எதிராளி கண்ணில் படுகிற மாதிரி வைக்க வேண்டும். குடை மார்க் என்றால் ஆள் கெட்டி, வாக்கு மாறமாட்டான். விலை மலிவான உரல் மார்க் என்றால் நொண்டி ஆட்டைத் தள்ளிவிடுகிறவன். அப்படி எந்தச் சட்டத்திலும் எழுதியில்லை, ஆனால் சந்தைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். பார்ஜோவின் பெட்டி எப்போதும் குடைதான். ஊரில் பாதிப் பேர் அவரையே 'குடைக்காரர்' என்றுதான் கூப்பிட்டார்கள். துமினாவுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

"குடை ஒண்ணு குடு வார்சி," என்றாள்.

கடைக்காரி வார்சி கையை நீட்டி எடுக்கவில்லை. "இன்னைக்கு நூறாம் நாள்ல?"

"ஆமா. எனக்கு மனசே சரியில்ல. முந்தாநாள் கனவுல வந்தார். தட்டு முன்னால உக்காந்தார், சிகரெட்டப் பாத்தார், முதுகக் காட்டித் திரும்பிக்கிட்டார். காப்பியில சர்க்கரை விழுந்துடுச்சோ என்னவோ. நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன்."

வார்சி முறத்தில் இருந்த மிளகாயைக் கிளறினாள். கிளற வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை.

"அக்கா, மூணாம் நாளும் வந்து குடை வாங்குன. ஏழாம் நாளும் வாங்குன, நாப்பதாம் நாளும் வாங்குன. மூணு தடவையும் வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். இனிமே முழுங்குனா என் வயித்துக்கு ஆகாது."

"என்ன விஷயம்?"

"நாலு வருஷமா அவர் குடை பிடிக்கல. வரி ஏறி வெல கூடுச்சே, அப்பவே விட்டுட்டார். வாங்குனதெல்லாம் உரல்தான். பின்னால பெஞ்சில உக்காந்து, ஒவ்வொண்ணா எடுத்துக் குடைப் பெட்டிக்குள்ள அடுக்குவார். உரல் பெட்டிய என் அடுப்புல போட்டுட்டு எந்திரிச்சுப் போவார். குடைப் பெட்டி கந்தலாயிட்டா, தலைமை வாத்தியார் வீசுற காலிப் பெட்டிய எடுத்து வச்சுக் குடுப்பேன்."

துமினாவுக்கு முதலில் வந்தது கோபம். "பொய் சொல்லாத. எனக்குத் தெரியாம இருக்குமா?"

"உனக்குப் பொகை ஆகாது. வீட்டுப் பக்கம் என்னைக்காவது பத்த வச்சாரா? உனக்கு எப்பிடித் தெரியும்?"

"முப்பத்தோரு வருஷம் சோறு பொங்கிப் போட்டவகிட்ட மறைக்கிற விஷயமா இது? என்கிட்ட ஏன் சொல்லல?"

வார்சி முறத்தைக் கீழே வைத்தாள். "நம்ம தெருக் கமித் மார்க் மாத்துனப்போ நீ என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா? இதே எடத்துல நின்னுதான் சொன்ன."

ஞாபகம் இருந்தது. ஊரே கேட்கத்தான் சொன்னாள். குடை பிடிச்சவன் உரலுக்கு எறங்குனா, அடுத்து கூரை ஓட்டப் பிரிச்சு விப்பான். எம் புருஷன் செத்தாலும் மார்க் மாத்த மாட்டார். கமித்தின் பெண்சாதி தலையைக் குனிந்துகொண்டு எண்ணெய்ப் புட்டியோடு போனதும் நினைவில் இருந்தது.

"அன்னைக்கு அவர் பின்னால பெஞ்சிலதான் இருந்தார்," என்றாள் வார்சி. "மொத உரல் பெட்டிய அன்னைக்குக் காலையிலதான் வாங்கியிருந்தார். பிரிக்கக்கூட இல்ல. நீ பேசினதக் கேட்டதும் இடுப்புல சொருகிக்கிட்டார். நீ போனப்புறம்தான், காலிக் குடைப் பெட்டி இருக்கான்னு என்கிட்டக் கேட்டார்."

துமினா பெஞ்சைப் பார்த்தாள். பிறகு உரல் மார்க்கில் ஒரு பெட்டி கேட்டு வாங்கினாள். பெட்டியை முந்தானைக்குள் மறைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு தெரு வழியே நடந்தாள்.

வீட்டில் சடிமோ காத்திருந்தார். பார்ஜோவோடு கூட்டுத் தரகு பார்த்தவர். ஓத வருகிறவர்களுக்கென்று குடை மார்க்கில் ஒரு பண்டலே கொண்டுவந்திருந்தார். அவள் கையில் இருந்ததைப் பார்த்ததும் முகம் மாறியது.

"உங்களுக்கும் தெரியுமா அண்ணே?"

"வாசம்னு ஒண்ணு இருக்கே தங்கச்சி. உரல் எரிஞ்சா சந்தை முழுக்கத் தெரியும். எங்க எல்லாருக்கும் தெரியும். பெட்டி பலகையில இருக்கிற வரைக்கும் அது குடைன்னு நாங்க ஒத்துக்கிட்டோம். அவர் நொண்டி ஆடு வித்தவரில்ல."

"எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. நான் ஒருத்திதான் முட்டாளா?"

"உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் அத்தன பாடும். எங்களுக்காகன்னா பெட்டி எதுக்கு? மூக்கு எங்களுக்கும் இருக்கு."

துமினா கீழே உட்கார்ந்துவிட்டாள். அவள் அழவில்லை. உரல் பெட்டியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதன் அட்டை மெலிசு. அழுத்தினால் உள்ளே போனது.

சடிமோ தன் பெட்டியில் மிச்சமிருந்த இரண்டு சிகரெட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, காலிப் பெட்டியை அவள் முன்னால் வைத்தார். குடைப் பெட்டி. "இதுல போட்டுத் தட்டுல வை. அவருக்கு ருசியும் ஆச்சு, பேரும் நிக்கும். தட்டப் பாக்குறவன் பாக்கட்டும். அவர் போன எடத்துலயும் தரகனுங்க இருப்பானுங்க, யார் கண்டா."

அவர் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அவளும் லேசாகச் சிரித்தாள். ஆனால் பெட்டியைத் தொடவில்லை.

"வேண்டாம் அண்ணே. இனிமே அவர் யாருகிட்ட ஆடு விக்கணும்?"

"ஜனங்க பேசும்."

"நாலு வருஷத்துக்கு முன்னாடி நான் பேசாததையா பேசிடப் போகுது?"

எழுந்து தட்டை எடுத்தாள். காப்பியை ஊற்றி, தெம்பே துண்டுகளை வைத்தாள். உரல் பெட்டியைப் பிரித்து, ஒரு சிகரெட்டைப் பாதி வெளியே இழுத்து, பெட்டியோடு தட்டில் வைத்தாள், உரல் படம் மேலே தெரிகிற மாதிரி. தட்டின் முன்னால் மண்டியிட்டு, காதில் பேசுகிற குரலில் சொன்னாள்.

"உங்க மார்க்கத்தான் வச்சிருக்கேன். என்கிட்டச் சொல்லியிருந்தா நான் கத்தியிருப்பேன். ரெண்டு நாள் கத்தியிருப்பேன். அப்புறம் பழகியிருக்கும். அதுக்குள்ள நீங்க பயந்துட்டீங்க. என் வாய்தான் காரணம். மன்னிச்சுக்கோங்க."

சாயங்காலம் ஆட்கள் வந்தார்கள். உள்ளறைக் கதவை வழக்கமாகச் சாத்தி வைப்பார்கள். துமினா திறந்தே வைத்தாள். தட்டு எல்லோர் கண்ணிலும் பட்டது. கமித் அதைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார், ஓத உட்கார்ந்தார்.

ஓதி முடித்துச் சோறு பரிமாறியானதும் சடிமோ கொண்டுவந்த குடைப் பண்டல் சுற்றிவந்தது. கமித் எடுக்கவில்லை. எழுந்து வந்து நிலைப்படி அருகில் நின்றார்.

"தட்டுல இருக்கிறதுல ஒண்ணு எடுத்துக்கலாமா அக்கா? எனக்கு அதுதான் பழக்கம்."

"எடுத்துக்கோ," என்றாள் துமினா. "ஒம் பொண்டாட்டிய நாளைக்கு வீட்டுக்கு வரச் சொல்லு. நான் அவகிட்ட ஒண்ணு பேசணும்."