அண்ணையை அழவிடாதே என்று கேட்டேன்

ஐம்பத்தாறு வயதில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்து, எழுபது தாண்டிய என் சொந்த அண்ணையை உளவு பார்த்தவன் நான். பத்திரிகைகளுக்குப் சிரிக்கவைக்கிற பகிடிக் கட்டுரை எழுதுகிறவன், நாலு புத்தகம் வாசித்தவன் என்று கொக்குவிலில் எனக்கு ஒரு பேர் இருக்கிறது. அன்று அந்தப் பேரை நுளம்பு கடித்துக்கொண்டிருந்தது.

எல்லாம் அண்ணையின் சீனி வருத்தத்தால், அதுதான் நீரிழிவால், வந்தது.

போன ஆவணியில் அண்ணையின் மனைவி, எங்கள் பவளம் மச்சாள், ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தா. எழும்பவில்லை. பிள்ளைகள் கனடாவிலிருந்து வந்து சேருமுன்னமே செத்தவீட்டு வேலை எல்லாவற்றையும் அண்ணை தானே நின்று ஒழுங்குபடுத்திவிட்டார். பந்தல்காரரோடு கதைத்தார். வந்தவர்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. "மனுசன் என்ன திடம்!" என்று ஊர் மெச்சியது. நானும் மெச்சினேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து பிள்ளைகளும் திரும்பிப் போனார்கள். பிறகுதான் சீனி ஏறியது. எத்தனையோ வருசமாக அடங்கிக் கிடந்த வருத்தம். கிளினிக்கில் குளிசையைக் கூட்டினார்கள், இறங்கவில்லை. இன்சுலின் ஊசி தொடங்கினார்கள், அதற்கும் மசியவில்லை. அந்த நேரம் பார்த்துப் புதுச் செருப்பு சின்னவிரலைக் கடித்தது. புண் ஆறாமல் கறுத்தது. "இப்பிடியே போனால் விரலை எடுக்கவேண்டி வரும்" என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் ஒழுங்கையின் வீடுகளிலேயே விரலில் தொடங்கி முழங்காலில் முடிந்த கால்கள் இருக்கின்றன.

நான் பொறுப்பெடுத்தேன். அதுதான் பிழை. குரக்கன் புட்டு, பாவற்காய், சிறுகுறிஞ்சாச் சம்பல் என்று அண்ணையைப் படுத்தினேன். மனவுளைச்சலும் சீனியை ஏற்றும் என்று எங்கோ வாசித்தேன். நல்ல செய்திதான், நான்தான் அதை வால்பக்கத்தால் பிடித்தேன். மனம் உளையக்கூடாது என்றால் மச்சாளின் கதையே எடுக்கக்கூடாது என்று சட்டம் போட்டேன். மச்சாளின் படத்தைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தேன். துக்கம் விசாரிக்க வந்தவர்களை வாசல் படலையிலேயே மறித்தேன்.

"மச்சாளைப் பற்றி ஒண்டும் கேளாதேங்கோ. அண்ணைக்குச் சீனி ஏறிப்போடும்."

அவர்களும் நல்ல பிள்ளைகளாக உள்ளே போய், "இப்ப சீனி எவ்வளவு, அண்ணை?" என்று கேட்டு, தங்கள் சீனியையும் சொல்லி, தேத்தண்ணி குடித்துப் போனார்கள். துக்கவீடு, கிளினிக்கில் முறைக்குக் காத்திருக்கிற வாங்கு மாதிரி ஆகிவிட்டது.

கிளினிக்கில் இளம் டொக்டர்ப் பிள்ளை ஒருத்தி அண்ணையைப் பார்த்து, "ஐயா, மனசுக்கு எப்பிடி இருக்கு?" என்று கேட்டா. அண்ணை வாய் திறக்குமுன் நான் சொன்னேன்: "அவர் நல்ல திடம், டொக்டர். சோத்தை இன்னும் குறைக்கட்டோ?"

அப்படியும் சீனி இறங்கவில்லை. மனுசன் களவாக இனிப்புத் தின்கிறார் என்று முடிவுகட்டி, ஒரு பின்நேரம் குசினி வாசலுக்கு நேரே உள்ள தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கினேன். அண்ணை குசினிக்குள் வந்தார். ஒரு போத்தலையும் திறக்கவில்லை. மச்சாள் தேங்காய் துருவுகிற திருவலையில் ஏறி இருந்தார். சும்மா இருந்தார். பொழுது படுமட்டும் அப்படியே இருந்தார். எனக்கு எரிச்சல். கையும் களவுமாகப் பிடிக்கப் போனவனுக்கு ஒரு கற்கண்டுத் துண்டுகூட அகப்படவில்லை.

இனிச் சுவாமிதான் கதி என்று ஒரு சனிக்கிழமை அண்ணையை ஓட்டோவில் ஏற்றி மருதனார்மடத்து ஆஞ்சநேயரிடம் கொண்டுபோனேன். கட்டுப் போட்ட காலோடு அண்ணை வெறுங்காலில் உள்ளே வரக்கூடாது. வெளியே வெற்றிலை மாலை கட்டி விற்கிற மனுசியின் தட்டடியில் அவரை நிறுத்திவிட்டுப் போனேன்.

"ஆஞ்சநேயா, என்ரை அண்ணையின்ரை விரலைக் காப்பாற்றித் தா. உனக்கு வடைமாலை சாத்துறன். அவரை மட்டும் அழவிடாதை. அழுதால் சீனி ஏறும்."

சுவாமிக்கும் விளக்கம் சொல்லியிருக்கிறேன், பாருங்கள். ஆனால் பகிடியில்லை. அண்ணை இல்லாமல் எனக்கு யார் என்று நினைத்துக்கொண்டு, கைகூப்பியபடி கனநேரம் நின்றேன்.

வெளியே வந்தால், அண்ணை அந்த மனுசியின் பெட்டிமேல் குந்தியிருந்து வாய்விட்டு அழுகிறார். றோட்டில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். எனக்குத் தலை கொதித்தது. கேட்டதற்கு நேர் எதிராகவா தருவது?

"என்ன கேட்டனீர் அவரிட்டை?" என்று மனுசியில் பாய்ந்தேன்.

"நான் என்ன கேட்டனான்? ஐயாவோடை வந்து சனிக்குச் சனி வெற்றிலை வாடலெண்டு என்னோடை சண்டை பிடிக்கிற அக்காவைக் கனநாளாய்க் காணேல்லை, எங்கை எண்டனான். செத்துப்போனா எண்டு சொல்லிப்போட்டு ஐயா இப்பிடி அழுறார்."

"உமக்கென்ன விசர் கதை? அவர் வருத்தக்காரன்!"

"வாயை மூடடா" என்றார் அண்ணை. அழுகைக்குள்ளும் குரல் பழைய அண்ணையின் குரல். "இவ ஒருத்திதான் அவளை எங்கை எண்டு கேட்டவ."

மூடினேன். அண்ணை அந்த மனுசிக்குச் சொன்னார்: "அண்டைக்குக் காலமை தேத்தண்ணிக்குச் சீனி தரமாட்டன் எண்டாள். நான் கோவிச்சுக்கொண்டு கதைக்காமல் இருந்தனான், பிள்ளை. மத்தியானம் அப்பிடியே போய்ச் சேர்ந்திட்டாள்."

இத்தனை மாதமாக நான் படலையில் நின்று மறித்தது இதைத்தான்.

ஓட்டோவில் வீடு வருமட்டும் மச்சாளின் கதைதான். படத்தை நானே எடுத்துத் திரும்ப மாட்டினேன். அடுத்த கிளினிக்கில் அந்த டொக்டர்ப் பிள்ளை திரும்ப மனசைப் பற்றிக் கேட்டபோது என் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அண்ணை சொன்னார்: "சில நாள் ஊசி போடேல்லை. போட்டென்ன எண்டு இருந்தது. நித்திரையும் இல்லை." டொக்டர் குறுக்கிடாமல் முழுக்கக் கேட்டா. மனதுக்குள் அடைத்துவைத்த துக்கமும் சீனியை ஏற்றும் என்றா. மருந்தைச் சீராக்கினா. கதைத்து ஆறுவதற்கு ஓரிடமும் ஒழுங்கு செய்தா. சீனி மெல்ல மெல்ல இறங்கியது. பங்குனியில் புண் மூடியது. விரல் காலிலேயே இருக்கிறது.

அது ஊசியும், கட்டுப் போட்ட தாதியின் கையும் செய்த வேலை என்பீர்கள். ஓம். அந்த ஊசியைப் போடுகிற மனத்தை யார் தந்தது? நான் கேட்டபடி கிடைக்கவில்லை, வேண்டியது கிடைத்தது. இப்போதும் சுவாமியோடு எனக்குக் கொஞ்சம் மனவருத்தம் உண்டு. அதோடுதான் நன்றி சொல்லுகிறேன். இப்போது சனிக்கிழமைகளில் விளக்கம் சொல்லாமல் கும்பிடுகிறேன். உங்கள் வீட்டிலும் சீனியோடு ஒரு துக்கம் பேசாமல் இருந்தால், மருந்தை விடாதீர்கள், கும்பிடுங்கள். கும்பிட்டு வந்து பக்கத்தில் இருந்து, போனவரின் பேரைச் சொல்லிக் கேளுங்கள்.

வடைமாலை சாத்திய அன்று பிரசாதத்தோடு அந்த மனுசியிடம் போனேன். "அண்டைக்கு உங்கடை வாயாலை சுவாமிதான் கேட்டவர், தங்கச்சி" என்றேன், குரல் தழுதழுக்க.

அவ என்னை மேலும் கீழும் பார்த்தா.

"ஆர், கடையை மறிச்சுக்கொண்டிருந்து அழுத ஐயாவின்ரை தம்பியோ? அண்டைக்கு எனக்கு ஒரு மாலையும் போகேல்லை."