கார்டின் கடைசி வரி

போன மாதம் அண்ணன் மகள் கலா போர்ட் பிளேரிலிருந்து வந்தாள். அந்தமானிலிருந்து வருகிறவர்கள் சங்கு கொண்டுவருவார்கள், சிப்பி மாலை கொண்டுவருவார்கள். இவள் பெட்டியைத் திறந்து ஒரு மர டிராயரை எடுத்து என் மடியில் வைத்தாள். "உங்க பழைய லைப்ரரியில தட்டுமுட்டெல்லாம் ஏலம் விட்டாங்க அத்தை. உங்க ஞாபகம் வந்துச்சு" என்றாள். என் ஞாபகம் வருவதற்கு வேறு நல்ல சாமானே கிடைக்கவில்லை பாருங்கள்.

ஆனால் மூக்குப் பக்கம் கொண்டுபோனேன், அவ்வளவுதான். படாக் மரம். இத்தனை வருஷம் கழித்தும் வாசனை போகவில்லை. முன்பக்கம் பித்தளைப் பிடியும், சீட்டுச் செருகுகிற சட்டமும் அப்படியே இருந்தன. கார்டுகளைக் கோத்து நிறுத்துகிற கம்பியைத்தான் காணோம். இப்போது அதில் என் மாத்திரை அட்டைகளைப் போட்டு வைத்திருக்கிறேன். பிரஷருக்கு ஒரு பக்கம், முழங்காலுக்கு ஒரு பக்கம். தொழில் புத்தி எங்கே போகும்?

அண்ணனுக்குப் போர்ட் பிளேரில் சாத்தம் என்கிற இடத்து மர மில்லில் ஆபீஸ் வேலை. சாயந்திரம் அவர் வீட்டுக்குள் நுழைந்தால் மரத்தூள் வாசனையும் கூடவே நுழையும். அண்ணி அவர் சட்டையை வாசலிலேயே உதறச் சொல்வாள். அப்படியும் ரசத்தில் ஒரு தூள் மிதக்கும். "படாக் ரசம்" என்று அண்ணன் சிரிப்பார். டெய்ரி ஃபார்ம் என்கிற பேட்டையில் இருந்த அந்தத் தகர வீட்டில்தான் நானும் போய்ச் சேர்ந்தேன். மெட்ராஸில் கப்பல் ஏறியதிலிருந்து இறங்கும்வரை வாந்தி எடுத்ததைத் தவிர நான் எதையும் பார்க்கவில்லை. கடல் என்ன நிறம் என்று பிறகு யாராவது கேட்டால், வாளி நிறம் என்றுதான் சொல்ல வரும்.

லைப்ரரி சயன்ஸ் படித்தவள் என்பதால் அங்கிருந்த ஒரு சின்ன அரசாங்க நூலகத்தில் உடனே வேலை கொடுத்துவிட்டார்கள். என்னைத் தவிர லைப்ரரியன் ராமநாதன் சார். தஞ்சாவூர்க்காரர், தங்கமான மனுஷர், விதி என்று வந்தால் மட்டும் கல். மற்றபடி எங்களுக்கு எதிரி மழைதான். புத்தகம் பூஞ்சை பிடிக்காமலிருக்க பீரோவுக்குள் பல்பு எரிய விடுவோம். கரண்ட் போனால் பீரோவைத் திறந்து வைத்து விசிறியால் வீசுவோம். இதைப் போய் மெயின்லாந்தில் சொன்னால் நம்புவார்களா?

என் வேலை கார்டு அடிப்பது, அதாவது ஒவ்வொரு புத்தகத்தின் விவரத்தையும் அட்டையில் டைப் அடித்து டிராயரில் அடுக்குவது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு ஆள் வருவார், புத்தகத்தின் பெயர் தெரியாது, எழுதியவர் பெயரும் தெரியாது, "மீன் பத்தி ஏதாச்சும் இருக்காம்மா?" என்பார். அவருக்காக 'மீன்' என்று தலைப்புப் போட்டு ஒரு கார்டு இருக்க வேண்டும். ஆனால் தலைப்பை நம் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. அதற்கென்று தலையணை தடிமனில் ஒரு இங்கிலீஷ் புத்தகம் உண்டு. லிஸ்ட் என்போம். அதில் இருக்கிற சொல்தான் சொல். அதில் இல்லாதது உலகத்தில் இல்லை. கடல் கடந்து எங்கேயோ குளிர் தேசத்தில் உட்கார்ந்து யாரோ எழுதியது. பனியில் வண்டி இழுக்கிற நாய்க்கெல்லாம் அதில் தனித் தலைப்பு உண்டு. எங்கள் ஊரில் பனியைப் பார்த்தது ஐஸ் பாக்டரியில்தான்.

ஒரு புத்தகத்துக்கு எந்தெந்தத் தலைப்புக் கொடுத்தோம் என்பதை ஆசிரியர் பெயர் போட்ட கார்டின் அடியில் பொடியாக ஒரு வரி அடித்து வைப்போம். பின்னால் கார்டை எடுக்கவோ திருத்தவோ வேண்டி வந்தால் எங்களுக்கு அடையாளம். அந்த வரியை வாசகர் யாரும் படிக்க மாட்டார்கள். படித்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை, தர்மலிங்கம் அண்ணன் விஷயம் வருகிறவரை.

தர்மலிங்கம் அண்ணன் பம்பூஃப்ளாட் பக்கத்து ஆள். அக்கரையில் மேட்டில் தென்னந்தோப்பு. சாத்தம் ஜெட்டியில் படகு இறங்கி, முழங்கால்வரை சேற்றோடு நேரே நூலகத்துக்குள் வருவார். அங்கேயே பிறந்து வளர்ந்தவர், அவர் தமிழில் பாதி இந்தி. முதல் தடவை வந்தபோது துண்டில் சுற்றிய ஒரு சின்னப் புத்தகத்தை மேஜைமேல் வைத்தார்.

"அரே தங்கச்சி, இது எங்க அப்பா சொன்னது. நான் எழுதுனேன். மெட்ராஸ்ல பிரின்ட் போட்டு ஜஹாஜ்ல வந்துச்சு. சர்க்கார் லைப்ரரில வெச்சுக்கோங்க. முஃப்த், காசு வேணாம்."

'எங்கள் மேட்டுத் தோட்டம்' என்று பெயர். காட்டை வெட்டித் தோப்பாக்கின கதை. எந்த மண்ணில் தென்னை நிற்கும், எந்த மாதம் காற்று எந்தப் பக்கம் அடிக்கும், பன்றி வராமல் எப்படி வேலி போடுவது, ஜப்பான்காரன் காலத்தில் பசிக்கு எந்தக் கிழங்கைத் தின்று பிழைத்தார்கள், எல்லாம் இருந்தது. நான் அன்றைக்கே படித்து முடித்தேன். முதல் பக்கத்தில் மட்டும் ஒரு வரி: 'பத்தொன்பது வயதில் சர்க்கார் செலவில் கப்பல் ஏறி வந்தேன்.' அதற்குமேல் அதைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

இங்கே உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தீவில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக ஒருவரைப் பார்த்தால் "எப்ப வந்தீங்க, எந்தக் கப்பல்ல வந்தீங்க" என்று கேட்பார்கள். ஏன் வந்தீர்கள் என்று கேட்க மாட்டார்கள். பழைய குடும்பங்களிடம் அதுவும் கேட்பதில்லை. எல்லோருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் அதை மீறி நான் ஒரு ஆளைப் பார்த்ததில்லை.

நான் 'தென்னை', 'விவசாயம்' என்று இரண்டு தலைப்பு எழுதி சாரிடம் நீட்டினேன். அவர் முதல் பக்கத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார், சிவப்புப் பென்சிலால் மூன்றாவதாக ஒன்று சேர்த்தார். 'கைதிகள் — அந்தமான்.'

"சார், புஸ்தகத்துல அதைப் பத்தி ஒண்ணுமே இல்லையே?"

"ஆள் யாரும்மா? சர்க்கார் செலவுல வந்தவர்னா வேற என்ன அர்த்தம்? அந்தக் காலத்து ஆளுங்க புஸ்தகம் எதுவா இருந்தாலும் இந்தத் தலைப்பு போடணும்னு மேலேர்ந்து சர்குலர் இருக்கு. நாளைக்கு ஆராய்ச்சி பண்றவன் வந்து தேடுவான்."

எத்தனை வாதாடினாலும் சார் அசையவில்லை. அடித்தேன். ஆராய்ச்சி பண்ணுகிறவன் ஒருத்தனும் வரவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தர்மலிங்கம் அண்ணன் வந்தார். டிராயரை இழுத்து அவர் அப்பா பெயர் போட்ட கார்டைக் காட்டினேன். கார்டில் எல்லாம் இங்கிலீஷ், அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. பெயரைத் தொட்டுக் காட்டினேன். விரலை வேட்டியில் துடைத்துவிட்டு அதை மெதுவாகத் தடவிப் பார்த்தார். "மெஷின்ல அடிச்சிருக்கு" என்றார். "சர்க்கார் மெஷின்ல அப்பா பேரு." அந்த மனுஷருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், நான் எதற்கும் அழுகிறவள்.

அதற்குப் பிறகு அவர் புத்தகத்தை மறந்துவிட்டார், கார்டைப் பிடித்துக்கொண்டார். சந்தைக்கு வந்தால், ஆஸ்பத்திரிக்கு வந்தால், கூட யாராவது ஒருவரை இழுத்துக்கொண்டு வந்துவிடுவார். "தங்கச்சி, அந்த டிராயரு!" பெங்காலிக் குடியேறி ஒருவர், படகு ஓட்டுகிறவர், மகளுடைய டீச்சர், யாராவது. "தேக்கோ, அப்பா பேரு" என்பார். அவர்களும் பார்த்துவிட்டு "அச்சா, அச்சா" என்பார்கள். சாருக்கே இது வேடிக்கையாகிவிட்டது. "உன் அண்ணா வந்துட்டார், டிராயரைத் தொறம்மா" என்பார்.

அவருக்கு ஒரே மகள், பார்வதி. அமைதியான பெண், தையல் படித்தவள். மெயின்லாந்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்திருந்த ஒரு ஹெட்கிளார்க், திருநெல்வேலிக்காரர், தன் மகனுக்கு அவளைக் கேட்டார். பெண்ணைக் கண்டதும் பிடித்துவிட்டது, தோப்பும் பிடித்துவிட்டது. பேச்செல்லாம் முடிந்து கையை நனைக்க வேண்டியதுதான் பாக்கி. தர்மலிங்கம் அண்ணன் வருங்காலச் சம்பந்தியை ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிவந்தார். எங்கே கூட்டிவருவார்? நேரே எங்களிடம்தான்.

"தங்கச்சி, அந்த டிராயரு!"

இழுத்துக் கொடுத்தேன். ஹெட்கிளார்க் அல்லவா, தாளைக் கையில் எடுத்தால் கடைசி வரிவரை படித்துத்தான் கீழே வைப்பார். பெயரைப் படித்தார், புத்தகத்தின் பெயரைப் படித்தார், எத்தனை பக்கம் என்பதைப் படித்தார். பிறகு குனிந்து அந்தப் பொடி எழுத்தையும் வாய்விட்டே படித்தார். படித்துவிட்டு நிமிர்ந்து, இங்கிலீஷ் சொல்லைத் தமிழிலும் ஒரு தரம் சொன்னார்.

"கைதிகள்னுல்லா போட்டிருக்கு? என்ன அண்ணாச்சி இது?"

தர்மலிங்கம் அண்ணன் என்னைப் பார்த்தார். இல்லை என்று நான் சொல்லிவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ. ஹெட்கிளார்க் கார்டுகளை ஒழுங்காகத் தள்ளி டிராயரை மூடினார். மரியாதையான ஆள், கத்தவில்லை. "வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்லுதேன்" என்று குடையை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான், பிறகு சொல்லவே இல்லை.

அவர் போன பிறகு தர்மலிங்கம் அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்தார். "இந்தச் சொல்லு எப்பலேர்ந்து இருக்கு?" என்றார்.

"மொதல்லேர்ந்தே இருக்குண்ணே."

"நான் காட்டுனேனே. எல்லாருக்கும் காட்டுனேனே." டீச்சரம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். தலையில் கை வைத்துக்கொண்டார். "எங்க அப்பா கழுத்துல நம்பர் எழுதி ஒரு பலகை தொங்கும் தங்கச்சி. அதை வெட்டி எடுத்த அன்னிக்கு அப்பா கடல்ல எறிஞ்சாரு. நான் அதைக் கண்ணால பாத்தது இல்ல. நீங்க எடுத்து மறுபடி மாட்டிட்டீங்களே."

எனக்கு அந்த டைப்ரைட்டரைத் தூக்கிக் கடலில் போட வேண்டும்போல் இருந்தது. சாரும் அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஆனால் விதி விதிதானே. தலைப்பை மாற்ற மெயின்லாந்துத் தலைமை அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அதற்கு முன்னால் வேறு ஏற்ற சொல் லிஸ்டில் இருக்கிறதா பார்ப்போம் என்று சாரும் நானும் உட்கார்ந்து தேடினோம். முன்னோடிகள் என்று பார்த்தால், அது அமெரிக்காவுக்குப் போன வெள்ளைக்காரர்களுக்கு. குடியேறிகள் என்று பார்த்தால், எங்கள் அலுவலகத்தில் அது சுதந்திரத்துக்குப் பிறகு சர்க்கார் நிலம் கொடுத்துக் கூட்டிவந்தவர்களுக்கு. காட்டுக்குக் கால்விலங்கோடு வந்து, விலங்கு கழன்ற பிறகும் போகாமல், தென்னை வைத்துப் பிள்ளை பெற்று அங்கேயே செத்தவனுக்கு அத்தனை பெரிய லிஸ்டில் ஒரு சொல் இல்லை. தர்மலிங்கம் அண்ணன் எதிரே உட்கார்ந்து நாங்கள் பக்கம் புரட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நஹி மிலா?" என்று கேட்டார். கிடைக்கவில்லை என்று தலையாட்டினேன்.

"அப்ப புஸ்தகத்தயே குடுத்துடுங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

சார் எழுந்து நின்று பதில் சொன்னார். அப்படி அவர் யாருக்கும் எழுந்து நின்றதில்லை. "நம்பர் போட்டாச்சுங்க. இனிமே அது சர்க்கார் சொத்து. நான் எடுத்துக் குடுக்க முடியாது."

"எங்க அப்பாவையும் இதேதான் சொன்னாங்க" என்றார் தர்மலிங்கம் அண்ணன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

தலைமை அலுவலகத்துக்கு சார் எழுதினார், நானும் எழுதினேன். மழைக்காலம், கப்பல் தள்ளித் தள்ளிப் போயிற்று. ஒவ்வொரு கப்பல் நாளும் தபால் பையை நானே போய்ப் பிரித்தேன். கடைசியில் பதில் வந்தது. இப்போதுள்ள தலைப்பே தொடரலாம் என்று ஒரே வரி. அதைச் சொல்லச் சாத்தத்திலிருந்து படகேறிப் போனேன். பார்வதிதான் வாசலில் நின்றாள். "அப்பா தோப்புல இருக்காரு அக்கா. லைப்ரரிலேர்ந்து யாரு வந்தாலும் இல்லைன்னு சொல்லச் சொன்னாரு" என்றாள். உள்ளே தையல் மெஷினில் ஊசிக்கடியில் பாதித் துணி நின்றிருந்தது. நான் அவள் கொடுத்த இளநீரைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

அதற்குப் பிறகு அவர் அக்கரையிலிருந்து இந்தப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார் என்றார்கள். பார்வதிக்குக் கல்யாணம் கூடிவரவே இல்லை. எனக்குக் கூடிவந்தது, திருச்சிக்கு வந்துவிட்டேன். அந்தக் கார்டை உருவிக் கிழித்துப் போட்டுவிட்டுப் போகலாமே என்று கப்பல் ஏறுகிற அன்றுகூட நினைத்தேன். கிழித்தால் என்ன, தலைமை அலுவலகத்தில் அதற்கு ஒரு நகல் உண்டு.

கலாவிடம் கேட்டேன். அவள் ஊருக்குத் திரும்பிப் போய் விசாரித்துப் போன் செய்தாள். தர்மலிங்கம் அண்ணன் என்றோ போய்ச் சேர்ந்துவிட்டார். பார்வதியும் போய்ச் சில வருஷம் ஆகிறதாம். மேட்டுத் தோப்பை யாரோ வாங்கித் தென்னையெல்லாம் வெட்டி ஓட்டல் கட்டியிருக்கிறார்களாம். வீட்டில் இருந்த பிரதிகள் என்ன ஆயின என்று சொல்ல ஆளில்லை.

"லைப்ரரியில பாத்தியாடி?"

"பாத்தேன் அத்தை. ஒழுகி நனைஞ்சு, கரையான் அரிச்சு, கழிச்சுக் கட்டிட்டாங்களாம். புக்கு இல்ல. ஆனா கம்ப்யூட்டர்ல அந்தத் தாத்தா பேரு வருது. பழைய கார்டையெல்லாம் அப்படியே ஏத்திருக்காங்க."

"தலைப்பு என்ன போட்டிருக்கு?"

"மூணு இருந்துச்சாம் அத்தை. ஏத்தும்போது ரெண்டு விட்டுப்போச்சாம். ஒண்ணுதான் இருக்கு" என்றாள்.

எது என்று நான் கேட்கவில்லை. அவளாகவே படித்தாள்.