இருதயம்மாள் பார்க்காமல் விட்ட கோடு

ரங்கூனில் யூதர்களின் குளியல் கட்டிடத்தைக் கழுவித் துடைக்கும் வேலையில் இருந்தவர் இருதயம்மாள். துறைமுகக் கூலி ஒருவரின் விதவை, அந்த ஊரின் தாமுவே பகுதியில் குடியிருந்தார். நடந்தது 1926 என்று சிலர் சொல்வதுண்டு. அது தவறு, 1925 ஏப்ரல்.

யூதப் பெண்கள் மாதவிலக்கு முடிந்து அங்குள்ள தொட்டியில் முழுகிய பிறகே கணவரை நெருங்குவார்கள். மணப்பெண்ணும் முழுக வேண்டும். கூரையிலிருந்து தானாக ஓடிவந்த மழைநீர்தான் அதற்கு ஆகும். குறைந்தது எவ்வளவு மழைநீர் வேண்டும் என்று காட்ட, தொட்டிச் சுவரில் ஒரு கோடு உண்டு. மழைநீர் கோட்டுக்கு மேலே இருக்கும்போது வாளித் தண்ணீர் விழுந்தால் பாதகமில்லை. கீழே இறங்கியபின் விழுந்தால் தொட்டியே கெட்டது. இது இருதயம்மாளுக்குத் தெரியும்.

அந்தக் கோடையில் நீர் வற்றிக்கொண்டே வந்தது. மறுநாள் அஸீஸா என்ற பெண் கல்யாணத்துக்காக முழுக வேண்டும். நீர் போதாவிட்டால் கல்யாணம் மழைக்காலத்துக்குத் தள்ளிப்போகும். இருதயம்மாள் குழாய்த் தண்ணீரை இரண்டு வாளி ஊற்றிவிட்டார்.

கல்யாணம் நடந்தது. விருந்துச் சோறு இருதயம்மாளுக்கும் வந்தது, தொடாமல் மூடிவைத்தார். குளியலுக்குப் பொறுப்பான ஹபீபாவிடம் போய்ச் சொன்னார்.

"அடிப் பாவி! உன்னை யாருடி மழையாக்கினது?"

"கல்யாணப் புள்ள அழுதுச்சு மேம்சாப். கல்யாணம் நின்னுருமேன்னுதான்..."

ஹபீபா அவரைத் தங்கள் மார்க்கச் சட்டம் அறிந்த பெரியவரிடம் இழுத்துப் போனார்.

"ஊத்தும்போது தண்ணி கோட்டுக்கு மேலயா, கீழயா?" என்றார் பெரியவர்.

"தெரியலீங்க ஐயா."

"இருட்டா இருந்துச்சா?"

"இல்லீங்க, நல்ல வெளிச்சம். பாக்கல."

பெரியவர் தீர்ப்புச் சொன்னார். "அப்ப இது சந்தேகம். வாளித் தண்ணி விசயத்துல சந்தேகம் வந்தா சுத்தம்னே எடுத்துக்கணும்கிறது எங்க சட்டம். அஸீஸா சுத்தம். இனிமேலும் சந்தேகம் வேணாம், தொட்டிய மட்டும் காலி பண்ணிடு."

"பொழைச்சுப் போ" என்றார் ஹபீபா.

இருதயம்மாள் நகரவில்லை. "கீழ இருந்துருமோன்னு பயந்துதான் ஐயா குனிஞ்சு பாக்கல."

"அதுக்கு எங்கிட்ட தீர்ப்பு இல்லம்மா. உங்க பாதர்கிட்ட சொல்லு."

பாதரிடமும் சொன்னார். குளிக்கிற தொட்டியில் தண்ணீர் ஊற்றியதில் என்ன பாவம் என்று பாதர் கேட்டாராம்.

மழை பிடித்தது, நீர் கோட்டைத் தாண்டி ஏறியது. இருதயம்மாள் முற்றம் கூட்டினார், படி கழுவினார். தொட்டியறைக்குள் மட்டும் போவதில்லை. அஸீஸா எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்தப் பெண்ணுக்குக் காரணம் தெரியாது. தன்மேல் ஏதோ கோபம் என்று நினைத்து, பண்டிகைதோறும் பலகாரம் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தாள்.