தராசு முள்ளைப் பார்த்து நின்ற காலம்

பாரிசவாதம் வந்து என் இடது பக்கம் விழுந்தபோது எனக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. எழுபதுகளின் பிற்பகுதி அது. குருநகரில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போகிற குடும்பம் எங்களுடையது. வலையைத் தோளில் போட்டவன் அப்படியே முற்றத்தில் சரிந்தேன். பேச்சு திரும்பியது. கையும் ஓரளவு திரும்பியது. கால் அசைந்தது, ஆனால் நிற்க முடியவில்லை. பிடித்தவர் கையை எடுத்தால் விழுந்தேன்.

எங்கள் பக்கத்துக் கடல் ஆழமில்லாதது. வள்ளத்தில் எழுந்து நின்று, நீளக் கோலை அடியில் ஊன்றித் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். நிற்க முடியாதவனுக்கு அங்கே வேலையில்லை. கரையில் குந்தியிருந்து மற்றவர்களின் கிழிந்த வலையைப் பொத்தலாம். அதைவிட அன்றைக்கே செத்துப்போயிருக்கலாம் என்று நினைத்தேன். அதை மறைக்க இப்போதும் எனக்கு விருப்பமில்லை.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்க ஒரு மிஸ் இருந்தாள். சின்ன வயது, ஆனால் பிடிவாதக்காரி. ஆள் ஏறி நிறை பார்க்கிற மெசின் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் ஒரு காலாக என்னை ஏற்றினாள். என் தம்பி பின்னால் பிடித்துக்கொண்டான். வலது மெசினின் முள் விறுவிறென்று ஏறியது. இடது முள் பேருக்கு அசைந்தது.

"உந்த மெசின் பிழை. நான் நேராத்தான் நிக்கிறன்" என்றேன்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே ஏறி நின்றாள். இரண்டு முள்ளும் ஒரே இடத்தில் நின்றன. தம்பி சிரித்தான். அவனுக்கு ஓங்கி ஒரு அறை கொடுக்கவேண்டும் போலிருந்தது. கை ஓங்கினால் நான்தான் விழுவேன் என்பதால் விட்டுவிட்டேன்.

"அண்ணை, உங்கடை கால் உங்களுக்குச் சொல்லாததை இந்த முள்ளுச் சொல்லும். இடப்பக்க முள்ளு ஏறும்வரைக்கும் பாரத்தை அந்தப் பக்கம் விடுங்கோ" என்றாள் மிஸ்.

சொல்வது சுகம், செய்வது கஷ்டம். அந்தக் காலுக்குக் கீழே நிலம் இருக்கிறதா என்றே எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் சாய்வது கிணற்றுக்குள் சாய்வதுபோல இருந்தது. மிஸ்ஸைத் திட்டினேன், தம்பியைத் திட்டினேன், மூலையில் செபமாலையோடு நின்ற மனைவியையும் திட்டினேன். ஆனாலும் மாதக்கணக்கில் போய் ஏறினேன். முள்ளும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது.

ஒருநாள் இரண்டும் ஒன்றாய் நின்றன. தம்பி எப்போதோ கையை எடுத்துவிட்டிருந்தான். மனைவி ஆஸ்பத்திரி என்றும் பாராமல் வாய்விட்டு அழுதாள்.

அதன்பிறகு மிஸ் ஒரு துவாயால் முட்களை மூடினாள். உடனே சாய்ந்தேன். "முள்ளைப் பாக்காமலும் நிக்கோணும் அண்ணை, அது மெல்ல மெல்ல வரும்" என்றாள். அது வரவில்லை. வெளியே நான் கண்டுபிடித்த வழி, குனிந்து என் பாதங்களைப் பார்த்து அங்கே முள் இருப்பதாக நினைத்துக்கொள்வது. அப்படிப் பார்த்தால் நிற்கலாம். கோயில் பூசையிலும் அப்படித்தான் நின்றேன். நோய் வருத்தம் வந்து எனக்குப் பக்தி கூடிவிட்டதாகச் சனம் கதைத்தது.

பொறுமை என்பது எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. காற்றில்லாத ஒரு காலைப்பொழுதில் என்னை வள்ளத்தில் ஏற்றச் சொல்லித் தம்பியைக் கரைச்சல் படுத்தினேன்.

"இஞ்சேருங்கோ, இண்டைக்கு வேண்டாம்" என்றாள் மனைவி. கேட்கவில்லை.

கரையைவிட்டுக் கொஞ்சத் தூரம் போனதும் தம்பியின் தோளைப் பிடித்து எழுந்தேன். கையை விட்டேன். குனிந்து பார்த்தேன். நனைந்த பலகை, அதன்மேல் அங்குமிங்கும் ஓடுகிற தண்ணீர், என் இரண்டு பாதங்கள்.

"அண்ணை, ஏன் கீழ பாக்கிறியள்?"

வள்ளத்தில் நிற்பவன் காலைப் பார்ப்பதில்லை. மண்டைதீவுப் பக்கத்துப் பனைகளிலோ தண்ணீர் நிறம் மாறுகிற இடத்திலோ அவன் கண் இருக்கும். கால் தன்பாட்டில் வேலை செய்யும். மீசை முளைக்க முன்னமே எனக்கு வந்த வேலை அது. தலையை நிமிர்த்திப் பனைகளைப் பார்த்தேன். பார்த்த கணமே இடது கால் இல்லாமல் போனது. வலையின்மேல் விழுந்தேன். அடி ஒன்றும் இல்லை. தம்பி இந்த முறை சிரிக்கவில்லை. முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"கரைக்கு விடு" என்றேன்.

குனிந்துகொண்டு நிற்கலாம், நிமிர்ந்தால் விழுவேன். என்னிடம் மிஞ்சியது அவ்வளவுதான். வள்ளம் கரை தட்டும்வரை நான் எழும்பவில்லை.

வள்ளத்துக் கதையை மிஸ்ஸிடம் சொல்லவேண்டாம் என்று வீட்டில் எல்லோர் வாயையும் அடைத்தேன். அடுத்த முறை போனபோது மெசினில் ஏறினேன். இரண்டு முள்ளும் ஒரே இடத்தில் நின்றன, மயிரிழைகூடப் பிசகவில்லை. அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியளே அண்ணை, எவ்வளவு வடிவா நிக்கிறியள்!"

முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஓம் மிஸ், நிக்கிறன்" என்றேன்.