பல்லாவரத்தில் ஏறிக்கொள்ளுங்கள்

அக்கா கர்த்தருக்குள் இளைப்பாறச் சென்று ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் எல்லோருமே அக்காவை ஏதாவது ஒரு விதத்தில் அறிந்தவர்கள். எனவே புகழ்ந்து எழுத வேண்டிய அவசியம் எனக்கில்லை; புகழ்ந்தால் அக்காவுக்குப் பிடிக்கவும் பிடிக்காது. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது பல்லாவரத்தில், வீட்டின் மூத்த பிள்ளையாக. சிறு வயதிலேயே ஆலயத்தில் வயலின் கற்றுக்கொண்டார். நன்றாக வாசிப்பார் என்று மற்றவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதெல்லாம் தெரியாது. அவர் கல்லூரியில் இருந்தபோது அப்பா காலமானார். படிப்பை நிறுத்திவிட்டுத் தொலைபேசி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அம்மாவையும் என்னையும் கரைசேர்த்தது அந்த வேலைதான். வயலின் பீரோவின் மேல் ஏறியது; அக்கா ஓய்வு பெறும்வரை கீழே இறங்கவில்லை. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டவர்களிடம், "எங்க நேரம் இருந்துச்சு?" என்று சிரித்துவிடுவார். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

ஓய்வு பெற்றபோது நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில் இருந்தோம். இந்தப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் பீரோ மேல் ஒரு வாத்தியம் தூசி படிந்து கிடக்கும் என்று அக்காவுக்குத் தோன்றியது. வாசிக்கத் தெரிந்தவர்களும் வாசிக்க மறந்தவர்களும் சேர்ந்து வாசிக்க வரலாம் என்று ஆலயத்தில் அறிவிக்கச் சொன்னார். மறந்தவர்களே அதிகம் வந்தார்கள். ஆசிரியைகள், வங்கி ஊழியர்கள், பொத்தேரியில் படிக்கும் மாணவர்கள், குரோம்பேட்டையில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர் ஒருவர். ஞாயிறு மாலை ஆலயத்துக் கூடத்தில் பயிற்சி. நாற்காலி போடுவது என் வேலை.

நடுவில் நிறுத்தினால் எங்கிருந்து மறுபடி தொடங்குவது என்று தெரிவதற்காக இசைத்தாளில் ஏ, பி, சி என்று குறித்திருப்பார்கள். ஒரு நாள் அக்கா "பி" என்றார். ஃபேன் சத்தத்தில் பாதிப் பேருக்கு அது "டி" என்று கேட்டது. ஆளுக்கொரு இடத்திலிருந்து மும்முரமாக வாசித்துக்கொண்டு போனார்கள். அக்கா நிறுத்தியதும் டாக்டர், "ஏம்மா நிறுத்திட்டீங்க? நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு!" என்றார்.

அடுத்த வாரம் எல்லோருடைய தாளிலும் எழுத்துகள் போய் ரயில் நிலையங்கள் வந்திருந்தன. பாட்டு கிண்டியில் புறப்பட்டு, மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை வழியாகத் தாம்பரத்தில் முடியும். நீளமான பாட்டென்றால் எழும்பூரிலேயே ஏற வேண்டும். அதன்பின் யாருக்கும் காதில் தப்பாக விழவில்லை. தினமும் மின்சார ரயிலில் போய் வருகிறவர்கள்தானே.

ஆனால் டாக்டரின் சிக்கல் வேறு. இடம் தவறினால் மற்றவர்கள் வயலின் வில்லை இறக்கிவிடுவார்கள். அவர் நிறுத்த மாட்டார். இன்னும் சத்தமாக வாசிப்பார்.

"சார், தொலைஞ்சுட்டீங்கன்னா நிறுத்திடுங்க. அடுத்த ஸ்டேஷன்ல ஏறிக்கலாம்" என்பார் அக்கா.

"இறங்கிட்டா மறுபடி ஏத்திக்க மாட்டீங்களோன்னு பயமா இருக்கும்மா."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

ஒரு கிறிஸ்துமஸ் சமயம், ஆலயச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். "அக்கா, ப்ரோக்ராம் அன்னிக்கு மட்டும் டாக்டர் வேணாமே. ஒரு நாள்தானே" என்றார்.

"ஒரு நாளைக்கு அவர் வேணாம்னா அந்த ஒரு நாளைக்கு நாங்களும் வேணாம் சார்" என்றார் அக்கா. காபி கொடுத்துத்தான் அனுப்பினார். நிகழ்ச்சியும் போயிற்று, கூடமும் போயிற்று. சேலையூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடத்துக்கு மாறினோம். அங்கே சாம்பார் வாசனையில்தான் எல்லாப் பாட்டையும் பழகினார்கள்.

பிறகு அக்கா நோயில் விழுந்தார். பயிற்சியை, குழுவில் முதல் வயலின் வாசிக்கும் இளம் தம்பி ஒருவர் கவனித்துக்கொண்டார். கெட்டிக்காரர், நல்ல பிள்ளை. அவரும் இன்னும் சிலரும், இனி ஆடிஷன் வைத்துச் சரியாக வாசிப்பவர்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று பேசினார்கள். அது ஆஸ்பத்திரிவரை எட்டிவிட்டது. நான் போகும்போதெல்லாம் அக்கா தன் உடம்பைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டார்.

"டாக்டர் சாரை அனுப்பிட்டாங்களா?"

"இல்லக்கா."

"அனுப்பவேணாம்னு சொல்லு."

சொன்னேன். "பார்க்கலாம் சார்" என்றார்கள். அந்தப் பதிலை அக்காவிடம் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. பேச்சு முடிவாவதற்குள் அக்கா போய்விட்டார்.

அடக்க ஆராதனை அதே ஆலயத்தில் நடந்தது. "எல்லாரும் வாசிக்கட்டும்" என்று செயலாளரே சொன்னார். அக்கா உட்கார்ந்து நடத்தும் நாற்காலியைக் காலியாக விட்டு, அவருக்குப் பிடித்த ஞானப்பாட்டைத் தொடங்கினார்கள். மீனம்பாக்கம் தாண்டியிருக்கும், முதல் வயலின் தம்பிக்கு அழுகை முட்டித் தாளே தெரியாமல் போயிற்று. அவரைப் பார்த்து வாசித்தவர்கள் ஒவ்வொருவராகத் தடுமாறினார்கள். கடைசியில் டாக்டரின் வயலின் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. அவர் நிறுத்தி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பெட்டிக்குப் பக்கத்தில் நான் வாய்விட்டு அழுதேன்.

டாக்டர் வில்லைத் தூக்கிப் பிடித்து, ஆலயம் முழுவதும் கேட்கும்படி, "பல்லாவரம்!" என்றார்.

எல்லோரும் பல்லாவரத்தில் ஏறினார்கள். ஒருவர் விடாமல் தாம்பரத்தில் இறங்கினார்கள்.

அதற்குப் பிறகு ஆடிஷன் பற்றி யாரும் பேசவில்லை.

நோயில் அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், துக்கத்தில் தோள்கொடுத்த உறவினர்களுக்கும், ஜெபித்த சபையாருக்கும், இடம் தந்த மண்டபத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஞாயிறு பயிற்சி இப்போதும் நடக்கிறது. நாற்காலி இப்போதும் நான்தான் போடுகிறேன். டாக்டர் சாருக்குத் தனியாக ஒரு நன்றி. அவர் இன்னும் தப்பாகத்தான் வாசிக்கிறார். ஆனால் தொலைந்துபோனால் நிறுத்திவிடுகிறார்.