முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர்

காவிரியில் வெள்ளம் கொஞ்சம் அடங்கியதும் ஸ்ரீரங்கத்துக் கரையோரமாக அம்மா மண்டபம் வரை நீச்சல் போட்டி வைப்பார்கள். எதிர்க்கரையிலிருந்து வரும் ஓடங்கள் எங்கள் மேல் ஏறிவிடாமல் தடுக்க ஆற்றில் ஒரு பரிசல்காரரை நிறுத்துவார்கள். கறுத்து ஒட்டிப்போன உடம்பு, கையில் சிவப்புத் துணி. ஊரே எங்களைப் பார்த்துக் கத்தும். அவர் மட்டும் எங்களுக்கு முதுகைக் காட்டி ஓடங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு வருஷம் நான்தான் கடைசி. நான் ஆற்றில் இருக்கும்போதே கமிட்டி முட்டாள்கள் பரிசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். வாழைத்தார் ஏற்றிய ஓடம் ஒன்று நேராக என்னைப் பார்த்து வந்தது. அவர் பரிசலைக் குறுக்கே தள்ளி நிறுத்தினார்.

“யோவ், போட்டி முடிஞ்சு மைக்செட்டே போயிடுச்சு. வழிய விடுய்யா!” என்று ஓடக்காரன் கத்தினான்.

“எங்கிட்ட யாரும் சொல்லலையே. சொன்னாத்தான் விடுவேன்.”

நான் பரிசலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். “நான் தண்ணியில இருக்கறது உங்களுக்குத் தெரியுமாங்க?”

“தெரியாது தம்பி. பின்னால திரும்பினா முன்னால ஓடம் வந்துடும்ல?”

“முடிஞ்சா யாரு வந்து சொல்லுவாங்க?”

“எந்த வருஷமும் சொன்னதில்ல. இருட்டினா நானே போயிடுவேன்.”

அடுத்த வருஷம் நானும் கமிட்டியில் இருந்தேன். போட்டி முடிந்ததும் அவரிடம் போய்ச் சொல்லும் வேலையை நானே கேட்டு வாங்கியிருந்தேன். மேடையில் எனக்கும் ஒரு மாலை போட்டார்கள். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் ஞாபகம் வந்தது. வெளியே இருட்டியிருந்தது.